பிள்ளையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாட்டுவது?

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி மாதர் பிரிவு கிள்ளானில் நடத்திய குடும்ப தினத்தில், ஓய்வுபெற்ற தாதியும் நம் சங்கத்தின் நீண்டகால உறுப்பினருமான சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை மாற்றப்படாமல் தரப்படுகிறது.)





மாதர் பிரிவிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "மிசி, பொன்விழாவுக்கு நீங்க அரை மணி நேரம் பேசணும்" என்றார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். "சுத்தம் சுகாதாரம்தான், உங்களுக்குத் தெரியாததா" என்றார்கள். முப்பத்தைந்து வருடம் தாய்சேய் நல கிளினிக்குகளில் வேலை பார்த்தவள் நான். சுத்தத்தைப் பற்றி மேடையில் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாரும் தலையாட்டுவார்கள், கைதட்டுவார்கள், பிறகு சாப்பிடப் போய்விடுவார்கள். சுத்தத்துக்கும் ஈமானுக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லும் நபிமொழியை நம் மதரஸாப் பிள்ளைகள் என்னைவிட அழகாக ஓதுவார்கள். அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. கிளினிக்கில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பிள்ளையோடு வருகிற தாய்மார்கள் ஊசி, எடை, தாய்ப்பால் எல்லாம் பேசி முடித்து, எழுந்து போகிற நேரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்: "மிசி, பிள்ளையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாட்டணும்?" பக்கத்தில் மாமியார் நிற்பார். இரண்டு பேரும் என் வாயையே பார்ப்பார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கிறது, தீர்ப்புக்காக என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிடும். அந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. இன்றைக்கு ஓய்வு பெற்றுவிட்டேன், தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் நான் எப்படிக் குளித்து வளர்ந்தேன் என்று சொல்கிறேன். இன்று லிட்டில் இந்தியா என்கிறோமே, தெங்கு கிளானா சாலை, அதற்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தோம். அத்தா கீழே மளிகைக் கடையில் வேலை. மாடியில் மூன்று குடும்பம். மூன்று குடும்பத்துக்கும் சேர்த்துப் பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு தகரச் செம்பு. மஃரிபுக்கு முன்னால் நன்னி எங்கள் ஐந்து பேரையும் வயசு வரிசையில் நிறுத்துவார். தேங்காய் நார், பயத்தம் மாவு, ஆளுக்கு எட்டு செம்புத் தண்ணீர், எண்ணித்தான் ஊற்றுவார். ஒன்பதாவது செம்பு கேட்டால் முதுகில் ஒன்று விழும். காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் மறுபடியும் இதே கதை. தோல் சிவக்கத் தேய்ப்பார். அழுதால் விடமாட்டார்.

எனக்கு எட்டு வயசிருக்கும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு நாள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். என் தலையில் தேங்காயெண்ணெய் வாசம் அடிக்கிறதாம். மலாயில் அதற்கு ஒரு சொல் உண்டு, உங்களில் பலருக்கும் பள்ளிக்கூடத்தில் கிடைத்திருக்கும், நான் இங்கே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். நன்னி ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து எண்ணெய் பாதியாகக் குறைந்தது, சீயக்காய் இரண்டு மடங்காகக் கூடியது. ரொம்ப நாள் கழித்து, நான் தாதிப் பயிற்சிக்குப் போன பிறகு, ஒரு பேச்சுவாக்கில் நன்னி சொன்னார்: "நம்மளப் பாத்து எவளும் மூக்கப் பொத்தக் கூடாதுடி. அதுக்குத்தான் அம்புட்டுத் தேய்ச்சேன்."

இந்த ஊரில் வெயிலும் வேர்வையும் இருக்கிறது, குளித்துத்தான் ஆகவேண்டும். மார்க்கமும் சொல்கிறது. ஆனால் நன்னி சொன்ன காரணத்தை நாம் வெளியே சொல்வதில்லை. கடைவீட்டு மாடியிலும் தோட்டத்து லயத்திலும் வாழ்ந்த காலத்திலிருந்து நமக்கு அந்தப் பயம் இருக்கிறது. இன்றைக்கும் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், "கறி சமைப்பீர்களா, வாசம் வருமே" என்று கேட்கிறவர்கள் உண்டு. அதனால் நம் வீட்டுப் பெண்கள் மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடத் துடைக்கிறார்கள், ஒரு தடவை கூடக் குளிப்பாட்டுகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் செய்தேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு என் வீட்டிலேயே இரண்டு சம்பவம் இருக்கிறது.

முதல் சம்பவம் என் பேத்தி. கோவிட் ஊரடங்கு நேரத்தில் அவளுக்கு நாலு வயசு. முழங்காலுக்குப் பின்னால், முழங்கை மடிப்பில், கழுத்தில் தோல் காய்ந்து செதில் செதிலாக வந்தது. எக்ஸிமா. நம் ஊரில் கரப்பான் என்பார்கள். என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? கிருமி போகட்டும் என்று குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி கலந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிப்பாட்டினாள். சுடுதண்ணீர் வேறு. எனக்குச் சொல்லவில்லை. நடமாட்டக் கட்டுப்பாடு, நானும் போய்ப் பார்க்க முடியவில்லை. வீடியோவில் பேசும்போது பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை போட்டு உட்கார வைத்திருந்தாள். கட்டுப்பாடு தளர்ந்து போய்ப் பார்த்தால் மடிப்பெல்லாம் வெடித்து ரத்தம். இரவெல்லாம் சொறிந்து பிள்ளைக்குத் தூக்கம் இல்லை. "ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "பிள்ளைய அழுக்கா வச்சிருக்கியான்னு மாமி கேட்டுட்டாங்கம்மா. அதான் இன்னும் நல்லாக் கழுவுனேன்" என்றாள். தாதி பெற்ற மகள் அவள். நன்னியின் பயம் என்னைத் தாண்டி அவளிடம் போயிருந்தது.

எக்ஸிமா அழுக்கினால் வருவதில்லை, அடுத்தவருக்குத் தொற்றுவதுமில்லை. நம் தோலின் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கிற ஈரத்தை அதுதான் பிடித்து வைக்கிறது. எக்ஸிமாப் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே அந்தத் தடுப்பு பலவீனமாக இருக்கும். சோப்பும் சூடான தண்ணீரும் மிச்சம் இருப்பதையும் கழுவிக்கொண்டு போய்விடும். தோல் காய்கிறது, அரிக்கிறது, பிள்ளை சொறிகிறது, சொறிந்த இடத்தில் கிருமி போகிறது. அம்மா அதைப் பார்த்து இன்னொரு தடவை கழுவுகிறாள்.

தோல் மருத்துவர் சொன்னது ரொம்பச் சாதாரணமாக இருந்தது. குளிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை, வேர்த்தால் இன்னொரு தடவை. குளிர்ச்சி போன வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்திலிருந்து பத்து நிமிடம். நுரை பொங்காத, வாசனை இல்லாத சோப்பு, அதுவும் அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே, ஈரம் காக்கும் கிரீமைத் தாராளமாகப் பூச வேண்டும். சிவந்த இடத்துக்கு மட்டும் அவர் எழுதிக் கொடுத்த மருந்து. ஸ்டீராய்டு என்றாலே நம் ஆட்கள் பயந்து நிறுத்திவிடுவார்கள். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாளைக்குப் பூசுவதில் பயமில்லை. பேத்திக்கு இப்போதும் அவ்வப்போது வரும், போகும். ஆனால் தூங்குகிறாள்.

2021-ல் ஹாலிவுட் நடிகத் தம்பதி ஒருவர் தங்கள் பிள்ளைகளைத் தினமும் குளிப்பாட்டுவதில்லை, அழுக்குத் தெரிந்தால்தான் குளிப்பாட்டுகிறோம் என்று பேட்டியில் சொல்ல, உலகமெல்லாம் அதே பேச்சாக இருந்தது. நம் மாதர் பிரிவு வாட்ஸ்அப்பில் அன்றைக்கு வந்த முகச்சுளிப்புப் படங்களை எண்ண முடியாது. ஆனால் அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கமே ஆறு முதல் பதினொரு வயசுப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு குளியல் இருந்தால் போதும் என்கிறது. சேற்றில் விளையாடினாலோ வேர்த்தாலோ நீந்தினாலோ கூடுதலாக. ஒரு வயசு வரை உள்ள குழந்தைக்கு வாரம் மூன்று தடவை போதும் என்று அங்கேயுள்ள குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அழுக்கர்கள் அல்ல. அங்கே பனிக்காலம், வீட்டுக்குள் ஹீட்டர், காற்றில் ஈரமே கிடையாது. இங்கே பகலில் 32, 33 டிகிரி, துணி காயவே யோசிக்கிற ஈரக் காற்று. பள்ளிக்கூடம் விட்டு, அப்படியே மதரஸாவுக்கும் போய்விட்டு வருகிற பிள்ளையை முகர்ந்து பார்த்தாலே தெரியும். அவர்கள் கணக்கு நமக்கு வேண்டாம். நம் ஊருக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சரிதான். ஆனால் இரண்டு தடவையும் தலையிலிருந்து கால் வரை சோப்பு வேண்டியதில்லை. காலைக் குளியலுக்கு வெறும் தண்ணீர் போதும். வயசுக்கு வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் அக்குளுக்கு இரண்டு வேளையும் சோப்பு கொடுங்கள், அது அவர்கள் நண்பர்களுக்குச் செய்கிற உபகாரம்.

கைக்குழந்தை விஷயம் தனி. பிறந்த குழந்தையை 24 மணி நேரம் கழிந்த பிறகு குளிப்பாட்டினால் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தையின் மேல் வெள்ளையாக மாவு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். அது அழுக்கல்ல, தோலுக்கு அல்லாஹ் கொடுத்த கிரீம். சீக்கிரம் கழுவினால் குழந்தையின் சூடும் இறங்கிவிடும். சில வீடுகளில் குளிப்பாட்டிய பிறகுதான் காதில் பாங்கு சொல்ல வேண்டும் என்று அவசரப்படுவார்கள். துடைத்துச் சுற்றிய குழந்தையின் காதில் தாராளமாகச் சொல்லலாம் என்று எங்கள் பள்ளிவாசல் இமாம் எனக்குச் சொன்னார். சந்தேகம் இருந்தால் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு, பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிற நம் வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் வழுக்குகிற பிள்ளையைவிட நன்னி காலில் கிடக்கிற பிள்ளை பத்திரம். நீவி விடுவதும் நல்லதே, மெதுவாக இருந்தால். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒரு வகை நிமோனியா வரும், சாதாரண மருந்துக்கு அது எளிதில் அடங்காது. அப்படி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சாம்பிராணிப் புகையும் குழந்தை இருக்கிற அறையில் வேண்டாம், தலை துவட்ட துண்டு இருக்கிறது.

இன்னொன்று அலமாரி சம்பந்தப்பட்டது. வீட்டுச் சுத்தம் என்று நினைத்துத் துணிக்கு நடுவில் அந்துருண்டை போட்டு வைக்கிறோம். மூத்த பிள்ளையின் துணியை அப்படி எடுத்துவைத்து, இளையது பிறந்ததும் வாசத்தோடு எடுத்துப் போடுகிறோம். ஜி-6-பி-டி குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாசமே விஷம். ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை ஏறும், மிஞ்சினால் மூளையைப் பாதிக்கும். இந்தக் குறைபாடு ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். நம் நாட்டில் பிறக்கிற குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இதைச் சோதித்துவிடுகிறார்கள். பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் முடிவு எழுதியிருக்கும், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். குறைபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டை வேண்டாம் என்பேன்.

இனித் தண்ணீர். நன்னி எட்டு செம்பு எண்ணி ஊற்றினார் என்றேன். நம் ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளு செய்தார்கள், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளித்தார்கள் என்று ஹதீஸ்களில் வருகிறது. நாலு முத்து ஒரு ஸாவு. இன்றைய அளவில் ஒரு முத்து முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஒரு ஸாவு சுமார் மூன்று லிட்டர், அவ்வளவுதான். நம் வீட்டு ஷவர் நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் கொட்டும். உள்ளே போய் பத்து நிமிடம் பாட்டுப் பாடுகிற பையன் நூறு லிட்டரை முடித்துவிட்டு வருகிறான். மலேசியாவில் ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சராசரியாக 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கிறோம். மூன்று லிட்டரில் குளியுங்கள் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் என் வீட்டிலேயே யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அடிக்கடி குளிப்பதற்கும் நிறையக் கொட்டுவதற்கும் சம்பந்தமில்லை. ஒரு வாளி, ஒரு செம்பு வைத்தால் ஐந்து வயசுப் பிள்ளை பத்துப் பதினைந்து லிட்டரில் நன்றாகக் குளித்துவிடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிற நமக்குத் தண்ணீர் விஷயத்தில் பாடம் நடத்தவே வேண்டாம். 1998-ல் காமன்வெல்த் விளையாட்டு நடந்த வருடம், வறட்சி, அணைகள் வற்றி மாதக்கணக்கில் பங்கீடு. லாரியின் பின்னால் வாளியோடு ஓடியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். 2014-ல் மறுபடியும், இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் இல்லை. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் எவனோ கழிவைக் கொட்ட, சுத்திகரிப்பு நிலையங்களை மூடி, பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் குழாய் வறண்டது. அதுவும் கையைக் கழுவு கழுவு என்று நாடே சொல்லிக்கொண்டிருந்த கோவிட் காலத்தில். இந்த அனுபவமெல்லாம் நம் குளியலறையில் ஒரு பொருளாக நிற்கிறது. நீல நிற பிளாஸ்டிக் ட்ரம். இங்கே இருக்கிற முக்கால்வாசி வீட்டில் ஒன்றாவது இருக்கும்.

என் இரண்டாவது சம்பவம் அந்த ட்ரம்தான்.

2014 பங்கீட்டின்போது பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். இரண்டு ட்ரம் வாங்கினோம். ஒன்று குளியலறையில், ஒன்று பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில். பங்கீடு முடிந்தது. குளியலறை ட்ரம்மைப் புழங்கிக்கொண்டே இருந்தோம். பின்பக்க ட்ரம்மில் பாதித் தண்ணீர் இருந்தது. திடீரென்று நின்றுபோனால் வேண்டுமே என்று கொட்டவில்லை. மேலே ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தேன், அதுதான் மூடி.

அந்த வருடம் நோன்பு ஜூன் கடைசியில் வந்தது. நோன்புக்கு முந்திய வாரம் நான் வீட்டைச் சுத்தம் செய்ததைப் பார்த்திருந்தால் என்னைப் பாராட்டியிருப்பீர்கள். திரைச்சீலை கழற்றித் துவைத்து, சோபாவை நகர்த்திப் பெருக்கி, மின்விசிறி இறக்கை துடைத்து, தரையை மூன்று தண்ணீர் விட்டு அலசி, ஹாலில் முகம் பார்க்கலாம். பின்பக்கம் போகவில்லை. அங்கே யார் வரப்போகிறார்கள்?

நோன்பின் இரண்டாம் வாரம் என் கடைக்குட்டி மகனுக்குக் காய்ச்சல். படிவம் ஐந்து படிக்கிறான், பரீட்சை வருடம். மூன்று நாள் கொதித்தது. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ் என்று கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வயிற்றுவலி என்றான், விடாமல் வாந்தி எடுத்தான், கை கால் சில்லென்று ஆனது. அப்போதுதான் எனக்குள் இருந்த தாதி விழித்தாள். டெங்கியில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது அப்போதுதான். இதை எத்தனை தாய்மார்களுக்குச் சொல்லியிருக்கிறேன்! என் பிள்ளை என்றதும் காய்ச்சல் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். இரவோடு இரவாக மருத்துவமனை. ஐந்து நாள் வைத்திருந்தார்கள். ஒரு இரவு அவன் ஈறிலிருந்து ரத்தம் வந்தபோது நானும் அவன் அத்தாவும் நடைபாதையில் நின்றோம். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டான். இதோ, அந்தப் பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டு நிற்பது அவன்தான்.

அவன் மருத்துவமனையில் இருக்கும்போதே சுகாதார அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். டெங்கி என்று பதிவானால் வருவார்கள். முகம் பார்க்கிற என் ஹாலை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போய், பலகையை நகர்த்தி, டார்ச் அடித்தார்கள். தண்ணீருக்குள் ஜெந்திக்-ஜெந்திக், நூற்றுக்கணக்கில் துள்ளிக்கொண்டிருந்தது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 ரிங்கிட் அபராதம். கட்டினேன். அந்த இளம் அதிகாரி என் சீருடையைச் சுவரில் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே சீட்டு எழுதினார். 500 ரிங்கிட் எனக்கு வலிக்கவில்லை, அவர் தலையைக் குனிந்ததுதான் வலித்தது.

ஏடிஸ் கொசுவைப் பற்றி நாம் ஒரு தவறான நினைப்பில் இருக்கிறோம். கொசு என்றால் சாக்கடை, அழுக்கு என்று. இதே கிள்ளானில் 1901-ல் துறைமுகம் திறந்த கையோடு மலேரியா வந்து கூலிகள் செத்து விழ, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசித்தார்கள். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலத்தை வடித்து, வாய்க்கால் வெட்டித்தான் ஊரைக் காப்பாற்றினார். அது அந்தக் கொசு, வெளியே இருந்தது. ஏடிஸ் வீட்டுக்குள் இருக்கிற கொசு. அதற்குச் சாக்கடை பிடிக்காது, நல்ல தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். நாம் பிள்ளையைக் குளிப்பாட்ட எடுத்து வைத்த தண்ணீரில்தான் அது முட்டையிடுகிறது. 2019-ல் நாட்டில் 130,101 பேருக்கு டெங்கி, 182 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பாதிக்கு மேல் நம் சிலாங்கூர்க்காரர்கள். எல்லாரும் அழுக்கு வீட்டில் இருந்தவர்களா?

வீட்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை சுத்தம் செய்வது என்று கேட்டால், ஹாலைப் பற்றி எனக்கு அபிப்பிராயமே இல்லை. தினமும் பெருக்குங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெருக்குங்கள், விளையாட்டுச் சாமான் சிதறிக் கிடந்தால் கிடக்கட்டும். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு அப்படித்தான் இருக்கும், அதற்காக ஒரு தாய் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் நிற்கிற இடத்துக்குக் கணக்கு உண்டு. முட்டையிலிருந்து பறக்கிற கொசு வரை ஒரு வாரம், பத்து நாள். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை. அதுவும் தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டை ட்ரம்மின் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நீங்கள் மறுபடி தண்ணீர் நிரப்புகிற அன்றைக்குப் பொரிக்கும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். ட்ரம் மட்டுமல்ல, குளிர்பெட்டிக்குப் பின்னாலுள்ள தட்டு, பூச்சட்டியின் அடித்தட்டு, பாத்திரம் வடிகிற தட்டு, யாரும் புழங்காத கழிவறை, கூரைத் தாழ்வாரத்தில் இலை அடைத்த தகரக் கால்வாய். விருந்தாளி பார்க்காத இடமாகத் தேடிப் போங்கள், சரியாக இருக்கும்.

இதை யார் செய்வது? பெண்கள் பக்கமே பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன், ஆண்கள் நிம்மதியாகப் போனைப் பார்க்கிறார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற அத்தாவை என் முப்பத்தைந்து வருடத்தில் கிளினிக்கில் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். தண்ணீர்க் கட்டணம் கட்டுவதோடு நம் ஆண்களின் சுகாதாரக் கடமை முடிந்துவிடுகிறது. சிலாங்கூரில் மாதம் இருபது கன மீட்டர் இலவசம் என்று இருந்த வருடங்களில் அதுவும் இல்லை.

என் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது, அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மகன் மருத்துவமனையிலிருந்து வந்த வாரம், வெள்ளிக்கிழமை காலை, பின்பக்கம் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ட்ரம்மைச் சாய்த்துப் போட்டு உள்ளே தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏன் இன்றைக்கு என்று கேட்டேன். ஒவ்வொரு முஸ்லிமும் ஏழு நாளைக்கு ஒரு முறையாவது தலையையும் உடம்பையும் கழுவிக் குளிக்க வேண்டும் என்று வருகிற ஹதீஸை அவர் எப்போதோ பயானில் கேட்டிருக்கிறார். "நான் ஜும்ஆவுக்குக் குளிக்கிற அன்னைக்கு இதுவும் குளிச்சிட்டுப் போகட்டும்" என்றார். அன்றிலிருந்து, ஊருக்குப் போன வாரங்கள் தவிர, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் ட்ரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். பேரப்பிள்ளைகள் வந்திருந்தால் அவர்களும் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு நிற்பார்கள். நனைந்து முடித்ததும் அவர்களையும் அப்படியே அங்கேயே குளிப்பாட்டிவிடுவார். ஒரு வாளியில்தான்.

கேள்வி உள்ளவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வாருங்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் ட்ரம் வாயில் கட்டுகிற வலைத் துணியை அளவு வெட்டி வாசலில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு இரண்டு, காசு வேண்டாம். எடுத்துக்கொண்டு போக மறந்துவிடாதீர்கள்.